விற்கும் பொருளைப் படம் எடுக்க எந்தக் கேமரா?



ராமேஸ்வரம் வரும் பயணி ஒருவர் சாலையோரக் கடையில் ஓலைப்பெட்டி வாங்குவதைக் கவனித்திருப்பீர்கள். பெட்டியைக் கையில் எடுக்கிறார். திருப்பிப் பார்க்கிறார். மூடியைத் திறந்து உள்ளே விரலால் தடவுகிறார். அடிப்பக்கத்தை அழுத்திப் பார்க்கிறார். முகர்ந்தும் பார்க்கிறார். அதன் பிறகுதான் விலை கேட்கிறார்.

அதே பெட்டியை அக்காள்மடத்தில் ஒரு வீட்டிலிருந்து சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ கைப்பேசி வழியாக விற்கும்போது வாங்குபவரின் கை இங்கே எட்டாது. அவருக்குக் கிடைப்பது படம் மட்டும்தான். அவருடைய கை செய்யும் வேலை முழுவதையும் நாம் எடுக்கும் படம் செய்தாக வேண்டும்.

வீட்டிலிருந்தே விற்கத் தொடங்கும் சகோதரிகள் பலர் முதலில் கேட்பது, “என்ன கேமரா வாங்கலாம்?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. வெளிச்சம், பொருளை உள்ளபடி காட்டுவது, கையில் இருக்கும் கைப்பேசியை முழுமையாகப் பயன்படுத்துவது ஆகிய மூன்றையும் முடித்துவிட்டுத்தான் கேமராவுக்குப் பணம் எடுக்க வேண்டும். அந்த வரிசையிலேயே இந்தப் பாடத்தைப் படிப்போம்.

1. முதலில் ஒரு கணக்கு

ஓர் ஓலைப்பெட்டியை 400 ரூபாய்க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஓலை, சாயம், கூலி, அனுப்பும் செலவு எல்லாம் போக 100 ரூபாய் நிற்கிறது. பத்துப் பெட்டி விற்றால் 1,000 ரூபாய் லாபம். அதில் இரண்டு பெட்டிகள், “படத்தில் பார்த்த நிறம் இல்லை” என்று திரும்பி வருகின்றன. கூரியர் போக 90, வர 90. இரண்டு பெட்டிக்கும் 360 ரூபாய். அந்த இரண்டில் கிடைத்திருக்க வேண்டிய லாபம் 200 ரூபாயும் இல்லை. ஆக, 1,000 ரூபாயில் மிஞ்சுவது 440. பாதிக்கும் மேல் போய்விட்டது. திரும்பி வந்த பெட்டி நசுங்கியிருந்தால் அதுவும் நட்டம்.

இன்னொரு பக்கமும் பார்ப்போம். 20,000 ரூபாய்க்கு ஒரு கேமரா வாங்கினால், அந்தப் பணத்தை மீட்க 200 பெட்டிகள் விற்க வேண்டும். 200 பெட்டி முடைய எத்தனை நாள் ஆகும் என்பது ஓலை பின்னும் கைகளுக்குத் தெரியும்.

மோசமான படமும் நட்டம், அவசரப்பட்டு வாங்கிய கேமராவும் நட்டம். இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது.

2. நனைந்த தானியத்தை மேலே வைப்பது

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சி நமக்குத் தெரிந்ததுதான். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுவதை நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

அந்த வியாபாரியின் குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்க முடிந்தது. நம் படத்துக்குள் யாரும் கைவிட முடியாது. அதனால் ஈரமானதை மேலே வைக்கும் பொறுப்பு முழுவதும் விற்பவர் மேல்தான் விழுகிறது. சாயம் ஒரு பக்கம் மங்கியிருந்தால், ஓரத்தில் ஓலை பிசிறியிருந்தால், அந்த இடத்துக்குத் தனியாக ஒரு படம் வேண்டும்.

குறையைக் காட்டினால் யார் வாங்குவார்கள் என்று தோன்றலாம். 1995இல் அமெரிக்காவில் இணைய ஏலத்தளம் ஒன்று தொடங்கியது. பின்னாளில் ஈபே என்று பெயர் பெற்றது. அதில் முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் ஒளிக்காட்டி. 14 டாலர் 83 சென்டுக்குப் போனது. தளத்தை உருவாக்கிய பியர் ஒமிடியார், வாங்கியவரைத் தொடர்பு கொண்டு அது உடைந்தது என்று தெரியுமா எனக் கேட்டார். தெரியும், அப்படிப்பட்டவற்றைச் சேகரிப்பவன்தான் என்று பதில் வந்தது. குறை தெரிந்து வாங்கியவர் திருப்பி அனுப்ப மாட்டார். குறையைப் பிறகு கண்டுபிடித்தவர் திருப்பி அனுப்புவார், நாலு பேரிடமும் சொல்வார்.

3. வெளிச்சம்: நம் தீவில் இலவசமாகக் கிடைப்பது

பொருளிலிருந்து புறப்படும் ஒளி கண்ணுக்குள் வருவதால்தான் நாம் காண்கிறோம் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சோதனைகளோடு விளக்கியவர் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம். இருட்டறையில் சிறு துளை வழியே ஒளி விழுவதையும் அவர் ஆராய்ந்தார். இன்றைய கேமராவும் ஒரு சிறிய இருட்டறைதான். உள்ளே வரும் ஒளி நன்றாக இருந்தால் சாதாரணக் கேமராவும் நல்ல படம் தரும். ஒளி கெட்டிருந்தால் லட்ச ரூபாய் கேமராவும் உதவாது.

நடுப்பகல் வெயிலில், முற்றத்தில் வைத்து எடுக்காதீர்கள். ஒரு பக்கம் வெளிறும், மறுபக்கம் கரிய நிழல் விழும். ஓலையின் பின்னல் தெரியாது. வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரமே சரியான இடம். ஜன்னல் பொருளுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும்.

எந்த ஜன்னல்? பல புத்தகங்களில் வடக்கு ஜன்னல் என்று எழுதியிருக்கும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 9 பாகைக்குச் சற்று மேல். இங்கே சித்திரைப் பிறப்பை ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பிறகு வடக்கே சாய்ந்து நிற்கிறது. ஆகஸ்ட் கடைசியில் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே போகிறது. ஆகவே ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடிய நம் வீடுகளில் தெற்கு ஜன்னல் நல்லது. மற்ற மாதங்களில் வடக்கு ஜன்னல் நல்லது. ஒரே ஒரு ஜன்னல்தான் இருக்கிறது, அதில் வெயில் அடிக்கிறது என்றால், பழைய வெள்ளைத் துப்பட்டியையோ வேட்டியையோ அதன் குறுக்கே கட்டுங்கள். கடுமையான வெயில் மென்மையான வெளிச்சமாக மாறிவிடும்.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். ஜன்னல் ஒளி அதில் பட்டுத் திரும்பி நிழலைக் குறைக்கும். பொருளுக்கு அடியிலும் பின்னாலும் ஒரே வெள்ளைச் சார்ட் தாளை வளைத்து ஒட்டினால், தரைக்கும் சுவருக்கும் நடுவே கோடு தெரியாது.

இரண்டு எச்சரிக்கைகள். படம் எடுக்கும்போது டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒளிக்கு ஒரு நிறம், விளக்குக்கு ஒரு நிறம். இரண்டும் கலந்தால் பொருளின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் விழும். அடுத்து, பக்கத்தில் நீலத் தார்ப்பாயோ பச்சைச் சுவரோ இருந்தால் அந்த நிறம் வெள்ளைப் பொருளில் படியும். கண் அதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். கேமரா அப்படியே பதிவு செய்யும்.

இரவில்தான் நேரம் கிடைக்கும் என்பவர்கள் எல்இடி விளக்கு வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ என்ற எண்ணைப் பாருங்கள். பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்லும் எண் அது. 90க்கு மேல் இருக்கட்டும். ஒரே வகை விளக்குகள் இரண்டை வாங்கி, இரு பக்கமும் வைத்து, வெள்ளைத் துணி வழியாக ஒளியை விடுங்கள்.

4. கைப்பேசியே போதுமா?

பெரும்பாலான வீட்டு வியாபாரத்துக்குப் போதும். 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்ற பொறியாளர் செய்த முதல் டிஜிட்டல் கேமரா, 0.01 மெகாபிக்சல் படத்தை கேசட்டில் பதிய 23 வினாடி எடுத்துக்கொண்டது. இன்று சாதாரணக் கைப்பேசியிலும் 12 மெகாபிக்சல் உண்டு. அதாவது அகலத்தில் 4,000 புள்ளி, உயரத்தில் 3,000 புள்ளி. விற்பனைத் தளத்தில் வாங்குபவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க, நீண்ட பக்கத்தில் 1,000 புள்ளிகளாவது வேண்டும் என்று அமேசான் கேட்கிறது. உங்கள் 12 மெகாபிக்சல் படத்தில் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினாலும் 2,000க்கு 1,500 புள்ளி மிஞ்சுகிறது. ஆகவே 50, 108, 200 என்று மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை.

கைப்பேசியில் கவனிக்க வேண்டியவை:

லென்ஸைத் துடையுங்கள். நம் ஊர்க் காற்றில் உப்பு உண்டு, கையில் எண்ணெய் உண்டு. இரண்டும் சேர்ந்து லென்ஸில் படிந்தால் படம் புகைமூட்டம் போலத் தெரியும். “கேமரா போய்விட்டது” என்று நினைக்கும் பல கைப்பேசிகளுக்குச் சுத்தமான பருத்தித் துணியே மருந்து.

மிக அருகே போகாதீர்கள். ஒரு சாண் தூரத்தில் எடுத்தால் பெட்டியின் முன்பக்கம் உப்பியும் பின்பக்கம் ஒடுங்கியும் தெரியும். இரண்டடி மூன்றடி தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

போர்ட்ரெய்ட் முறை வேண்டாம். பின்னணியை மங்கலாக்கும்போது பெட்டியின் ஓரத்தையும் பிசிறையும் சேர்த்தே மங்கலாக்கிவிடும். அழகூட்டும் வடிப்பான்களும் வேண்டாம். செயற்கை நுண்ணறிவு கொண்டு “மேம்படுத்தும்” வசதி, இல்லாத பின்னலை இருப்பதாக வரைந்துவிடக்கூடும். காய்ந்த தானியத்தை மேலே பரப்புவதும் இதுவும் ஒன்றுதான்.

கைப்பேசியை ஒரு சிறு டிரைபாடில் நிறுத்தி, 2 வினாடி டைமர் வைத்து எடுங்கள். கை நடுக்கம் படத்தில் விழாது.

வெளிச்ச அளவை நீங்களே திருத்துங்கள். எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. அதனால்தான் வெள்ளைத் தாள் அழுக்காகவும், கருப்புப் புர்கா சாம்பல் பூத்தும் விழுகின்றன. வெள்ளை அதிகமாக இருக்கும் படத்தில் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கருப்பு அதிகமாக இருந்தால் குறையுங்கள். திரையில் பொருளைத் தொட்டால் பெரும்பாலான கைப்பேசிகளில் சிறு சூரியக் குறி வரும். அதை மேலும் கீழும் இழுத்தால் போதும்.

5. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முறை

ஓலைப்பெட்டி, கொட்டான், பாய்: முன், பின், உள், அடி, மூடி சேரும் இடம், பின்னலின் நெருக்கம் என்று ஆறு படம். அளவுநாடாவோடு ஒரு படம். சிறிய பொருளென்றால் பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைக்கலாம். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். எட்டாவதாகக் குறை ஏதும் இருந்தால் அதற்கு ஒரு படம். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் நம் சமுதாயப் பெண்கள் நெய்யும் கோரைப்பாய் துணிபோல் மடியக்கூடியது. மடித்துக் காட்டும் ஒரு படம், அதன் மென்மையைப் பத்து வரி விளக்கத்தைவிட நன்றாகச் சொல்லும். உங்கள் பொருளின் குணம் என்னவோ, அதைச் செய்து காட்டுங்கள்.

புர்கா, ஹிஜாப், ஆரி வேலை: கருப்புத் துணியில் வேலைப்பாடு தெரிய, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழ வேண்டும். நேர் முன்னாலிருந்து விழுந்தால் தட்டையாகிவிடும். துணியை ஹேங்கரில் மாட்டியோ தட்டையாக விரித்தோ எடுக்கலாம். ஆள் உடுத்திக் காட்ட வேண்டிய தேவை இல்லை. நீளம், தோள் அகலம், கை நீளம் மூன்றையும் அளவுநாடாவோடு காட்டினால் கேள்விகள் குறையும். துணியின் மெல்லிசைக் காட்ட, உள்ளே கையை விட்டு ஒரு படம் எடுங்கள்.

முண்டு மிளகாய்: ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் உருண்டை வடிவமும் கருஞ்சிவப்பும்தான் வாங்குபவர் தேடும் அடையாளங்கள். கைப்பேசி சிவப்பை மிகைப்படுத்தும். குவியல் முழுவதும் ஒரே சிவப்புத் திட்டாகி, தோலின் சுருக்கமும் பளபளப்பும் மறையும். வெளிச்சத்தைச் சிறிது குறைத்து எடுத்தால் தனித்தனி மிளகாய் தெரியும். காம்போடு இருப்பதா, காம்பு கிள்ளியதா என்பது படத்தில் தெரிய வேண்டும்.

கருவாடு: ஈரமில்லை, மணல் இல்லை என்பதைக் காட்ட நெருக்கமான படம். வெள்ளைத் தட்டில் பரப்பி எடுங்கள். நெத்திலியின் அளவு தெரிய நாணயம் வையுங்கள். எடைக்கருவியின் எண் தெரியும்படி ஒரு படமும் சேருங்கள். உணவுப் பொருள் எதுவானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். பதிவு எண், தயாரித்த தேதி, எடை உள்ள சீட்டையும் படம் எடுத்துப் போடுங்கள்.

மல்லிகை நாற்று: தங்கச்சிமடம் வட்டாரத்து நாற்று வெளியூர் விவசாயிகளுக்கு நன்கு அறிமுகமானது. பூவைப் படம் எடுத்துப் போடுவதில் பயன் குறைவு. விவசாயி பார்ப்பது வேரை. வேர், தண்டின் பருமன், இலையின் அடிப்பக்கம், கட்டின் உயரம், ஒரு கட்டில் எத்தனை நாற்று என்று காட்டுங்கள். பிடுங்கிய நாளையே படத்தின் நாளாக எழுதுங்கள். போன மாதத்துப் படத்தைப் போட்டு இந்த மாத நாற்றை அனுப்ப வேண்டாம்.

சிப்பி, சங்கு: இதில் படத்துக்கு முன்பே ஒரு கேள்வி உண்டு. நாம் மன்னார் வளைகுடாவின் கரையில் இருக்கிறோம். 1986இல் அங்கே கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பவளப்பாறை, கடல் விசிறி, கடல் அட்டை, கடல் குதிரை, சில வகைச் சிப்பிகள் ஆகியவை 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கரையில் ஒதுங்கியதுதானே என்று எடுத்துப் படம் போட்டாலும், அந்தப் படமே நமக்கு எதிரான சாட்சியாகிவிடும். எந்த வகை என்று தெரியாதவற்றை வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விற்பனைக்கு வையுங்கள்.

6. எப்போது தனிக் கேமரா வேண்டும்?

மேலே சொன்னதையெல்லாம் செய்த பிறகும் பின்வரும் தேவைகளில் ஒன்று இருந்தால் கேமராவைப் பற்றி யோசிக்கலாம்.

வாரத்துக்கு ஐம்பது நூறு படம் எடுக்கிறீர்கள், எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். நுணுக்கமான ஆரி வேலை போன்றவற்றை நெருங்கிக் காட்ட வேண்டும். அச்சுக்கோ பெரிய விளம்பரத்துக்கோ படம் தேவை. அல்லது நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து விற்கிறீர்கள், யாருடைய கைப்பேசியையும் நாள் முழுக்கப் பிடித்து வைக்க முடியாது.

அப்போது எதைப் பார்க்க வேண்டும்?

சென்சார்: ஒளியைப் பதிவு செய்யும் தகடு இது. சட்டைப் பையில் அடங்கும் மலிவான கேமராக்களில் பெரும்பாலும் இதன் அளவு ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். இவை நல்ல கைப்பேசியைவிட மேலான படத்தைத் தராது. கேமரா என்ற பெயருக்காக இவற்றை வாங்க வேண்டாம். லென்ஸ் மாற்றக்கூடிய தொடக்க நிலைக் கேனான் கேமராவில் சென்சார் 22.3க்கு 14.9 மில்லிமீட்டர். பரப்பில் ஏறத்தாழ 12 மடங்கு. ஒளியைக் கூடுதலாக வாங்குவதால் நிற மாறுபாடுகள் தெளிவாக விழும்.

கையால் அமைக்கும் வசதி: ஒளித்துளை, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, வெண்மைச் சமநிலை நான்கையும் நாமே அமைத்து அப்படியே நிறுத்தி வைக்க முடிய வேண்டும். காலையில் எடுத்த முதல் பெட்டியும் நூறாவது பெட்டியும் ஒரே நிறத்தில் விழ இதுவே காரணம்.

லென்ஸ்: கேமராவுடன் வரும் 18–55 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். 55 பக்கம் திருப்பி வைத்து எடுத்தால் வடிவம் கோணலாகாது. தூரத்துப் பறவையை எடுக்கும் நீண்ட லென்ஸ் நமக்குத் தேவையில்லை. இரண்டு லென்ஸ் சேர்ந்த கட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

கைப்பேசிக்குப் படம் அனுப்பும் வசதி: நாம் விற்பது கைப்பேசி வழியாக. கேனான் 1500டியில் வைஃபை உண்டு, நிக்கான் டி3500இல் புளூடூத் உண்டு. இரண்டும் 24 மெகாபிக்சல், இரண்டும் இந்த வேலைக்குத் தாராளம். டி3500 உற்பத்தி நின்றுவிட்டதால் பழையதாகத்தான் தேட வேண்டும். இந்த வசதி இல்லாத கேமராவானால், கார்டைக் கைப்பேசியில் செருகிப் படிக்கும் சிறு கருவி வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு இப்படி அமையுங்கள்: ஐஎஸ்ஓ 100, ஒளித்துளை எஃப் 8 முதல் 11 வரை, வெண்மைச் சமநிலை பகல் ஒளிக்கு, கேமரா டிரைபாடில், 2 வினாடி டைமர். எஃப் 3.5 போன்ற அகலமான துளையில் பெட்டியின் முன்விளிம்பு மட்டும் தெளிவாக இருக்கும், பின்விளிம்பு மங்கும். எஃப் 8இல் முழுப்பெட்டியும் தெளியும். ஷட்டர் மெதுவாக விழும். டிரைபாட் இருப்பதால் கவலையில்லை. டிரைபாடுக்குப் பணம் ஒதுக்காமல் கேமரா வாங்குவது சக்கரம் இல்லாமல் வண்டி வாங்குவது போல.

7. பழைய கேமராவும் கடற்காற்றும்

புதியதைவிடப் பழையது பாதி விலைக்குக் கிடைக்கலாம். ஆனால் நம் கரையோரத்தில் உப்பும் ஈரமும் கேமராவுக்கு எதிரி. வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்திவலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. வாங்க வேண்டாம். பேட்டரிக் கதவைத் திறந்து பாருங்கள். தகடுகளில் பச்சை படிந்திருந்தாலோ திருகாணியில் துரு இருந்தாலோ விட்டுவிடுங்கள். ஒளித்துளையைச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. அதைச் சுத்தம் செய்யலாம், விலையில் அந்தச் செலவைக் கழிக்கச் சொல்லுங்கள். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். தொடக்க நிலைக் கேமராக்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறையைக் கணக்காக வைத்திருப்பார்கள். 80,000 ஓடியதை அதற்கேற்ற விலைக்கே வாங்க வேண்டும். கடைசியாக, நீங்கள் விற்கும் பொருள் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே படம் எடுத்து, உங்கள் கைப்பேசியில் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் என்றால், நிறம் மாறியதும் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். அலமாரிக்குள் தோல் உறையில் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து. ஆடிக் காற்றில் மணல் பறக்கும் நாளில் வெளியே லென்ஸ் கழற்றாதீர்கள். லென்ஸில் மணல் இருந்தால் முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள், பிறகே துடையுங்கள். மணலோடு துடைத்தால் கீறல் விழும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. வட்டிக்குக் கடன் வாங்கிக் கேமரா வாங்க வேண்டாம். “வட்டியில்லாத் தவணை” என்று எழுதியிருந்தாலும் செயல்முறைக் கட்டணம், தாமதக் கட்டணம் என்று உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். ஒரு தெருவில் விற்கும் ஐந்து குடும்பங்கள் பங்கு போட்டு ஒன்று வாங்கினால் சுமை தெரியாது. ஆனால் யாரிடம் இருக்கும், எந்த நாள் யாருக்கு, பழுதானால் யார் எவ்வளவு தருவது, ஒருவர் விலகினால் பங்கு என்ன என்பதை முதல் நாளே எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கேமரா உடையலாம், உறவு உடையக் கூடாது.

8. வீட்டின் மறைவைக் காப்பது

வீட்டுக்குள் எடுக்கும் படத்தில் பொருள் மட்டும் இருக்க வேண்டும். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் எடுப்பவரின் உருவம் தெரியும். கண்ணாடி, அலமாரிக் கதவு, தொலைக்காட்சித் திரை ஆகியவற்றிலும் அப்படியே. அனுப்பும் முன் படத்தைப் பெரிதாக்கி ஒருமுறை பாருங்கள். பிள்ளைகள், முகவரி எழுதிய உறை, ரேஷன் அட்டை எதுவும் ஓரத்தில் விழுந்திருக்கக் கூடாது.

கைப்பேசிக் கேமராவின் அமைப்பில் இருப்பிடத்தைப் பதியும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படம் எடுத்த வீடு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு படக்கோப்போடு போய்ச்சேரலாம். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குப் படம் அனுப்பும்போது எச்டி தேர்வைப் பயன்படுத்துங்கள். சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், பின்னல் மங்கும்.

9. செய்து பாருங்கள்

இந்த வாரம் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது எடுப்பதுபோல் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு லென்ஸைத் துடைத்து, ஜன்னல் ஓரம், வெள்ளைச் சார்ட், எதிரே தெர்மாகோல், டியூப்லைட் அணைத்து, மூன்றடி தள்ளி, டைமர் வைத்து எட்டுப் படங்கள் எடுங்கள்.

அந்தப் பொருளைப் பார்த்திராத உறவினர் ஒருவருக்கு, வெளியூரில் இருப்பவராயின் இன்னும் நல்லது, அந்த எட்டையும் அனுப்புங்கள். “லாத்தா, இது எவ்வளவு பெருசு, என்ன நிறம், எங்கே குறை இருக்கு, சொல்லுங்க” என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டாம். அவர் சொல்லும் பதில் உங்கள் கையில் இருக்கும் பொருளோடு பொருந்தினால், உங்களிடம் இருக்கும் கேமரா போதும். பொருந்தாவிட்டால் எது தவறியது என்று பாருங்கள். நிறமா? வெளிச்சத்தைத் திருத்துங்கள். அளவா? அளவுநாடாவை வையுங்கள். குறை தெரியவில்லையா? அந்த ஒன்பதாவது படத்தை எடுங்கள். மூன்று முறை திருத்திய பிறகும் பின்னலோ நூல் வேலையோ தெளியவில்லை என்றால், அப்போது கேமராவுக்குச் சேமிக்கத் தொடங்குங்கள்.

பெட்டி போய்ச் சேர்ந்த அன்று, கோயம்புத்தூரில் ஒருவர் உறையைப் பிரித்து, “படத்தில் பார்த்ததேதான்” என்று சொல்ல வேண்டும். அவர் அடுத்த பெட்டிக்குப் படம்கூடக் கேட்க மாட்டார், இன்ஷா அல்லாஹ்.